டூல் கேபினட்டை அங்கே வாங்காதே

காரைக்குடி,
ஆனி மாதக் கடைசி

அன்புள்ள மாப்ளே,

நலம், நலமறிய ஆவல். தை பிறந்ததும் ஷார்ஜாவை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிடுகிறேன், தேவகோட்டையில் ஒர்க்‌ஷாப் போடப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். உன் வீட்டு ஆட்களைவிட எனக்குத்தான் சந்தோஷம் அதிகம். கொப்புடையம்மன் வைகாசித் திருவிழாவுக்கு நீ வரவில்லையே என்று அம்மா இன்னும் குறைபட்டுக்கொண்டிருக்கிறது. அடுத்த வருஷம் சாக்குச் சொல்ல முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய இரண்டு டூல் கேபினட் படங்களையும் பார்த்தேன். சிவப்பு நிற ஸ்னாப்-ஆன், பார்த்தாலே கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. கறுப்பு நிறத்தில் இருப்பது பெயர் தெரியாத சரக்கு, விலை அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எதை வாங்கிக் கப்பலில் போடட்டும் என்று கேட்கிறாய். இரண்டும் வேண்டாம் என்பதுதான் என் பதில்.

முதலில் அந்தச் சிவப்புப் பெட்டி. அது மட்டம் என்று யாரும் சொல்ல முடியாது. 1920-இல் நட்டு கழற்றும் சாக்கெட்டும் அதற்குக் கைப்பிடியும் விற்கத் தொடங்கிய கம்பெனி. நூறு வருஷம் தாண்டியும் மெக்கானிக்குகள் அந்தப் பெயரை மரியாதையோடு சொல்கிறார்கள். ஆனால் அந்த விலைக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பார். அமெரிக்காவில் அவர்களுடைய வேன் வாரா வாரம் ஒர்க்‌ஷாப் வாசலுக்கே வரும். மெக்கானிக் அந்த வேனில் ஏறிப் பார்த்து, கடனுக்கு எடுத்து, வாரத் தவணையில் கட்டுவான். உடைந்ததைக் காட்டினால் மாற்றிக் கொடுப்பார்கள். பெரிய கேபினட் பத்தாயிரம் டாலரைத் தாண்டிப் போவதில் அந்த வேனுக்கும் தவணைக்கும் வாசல் சேவைக்கும் ஒரு பங்கு உண்டு. அதனால்தான் அங்கேயே நிறையப் பேர் ஹார்பர் ஃப்ரெய்ட் கடையில் யூ.எஸ். ஜெனரல் பெட்டியை அதில் சிறு பங்கு விலைக்கு வாங்கிவிட்டு, மிச்சப் பணத்துக்கு டூல்ஸ் வாங்கிக்கொள்கிறார்கள். அந்த வேன் தேவகோட்டை ரஸ்தாவில் வந்து நிற்கப்போவதில்லை. வராத வேனுக்கு நீ எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?

கறுப்புப் பெட்டிக்கு வருவோம். விளம்பரத்தில் ‘18 கேஜ் ஸ்டீல்’ என்று போட்டிருக்கிறது. 18 கேஜ் என்றால் 1.2 மி.மீ. தகடு. 20 என்றால் 0.9, 22 என்றால் முக்கால் மி.மீ. பக்கம், எண் ஏற ஏறத் தகடு மெலியும், அது உனக்குத் தெரியும். விற்கிறவன் சொல்லாமல் விடுவது, சட்டம் மட்டும் 18, டிராயர் எல்லாம் 22 என்பதை. அடுத்த தடவை கடைக்குப் போகும்போது பாக்கெட்டில் தடிமன் அளக்க வெர்னியரை வைத்துக்கொண்டு போ. ஒரு டிராயரைக் கழற்றி, பக்கவாட்டுத் தகட்டில் விளிம்பு மடியாத இடமாகப் பார்த்துப் பிடி. மடிப்பில் பிடித்தால் இரட்டைத் தகட்டை அளந்து ஏமாந்து போவாய். மேலே இருக்கும் பெயிண்ட், அதாவது பவுடர் கோட்டிங், ஒரு பக்கத்துக்கு 60 முதல் 80 மைக்ரான் இருக்கும். இரண்டு பக்கமும் சேர்த்தால் கிட்டத்தட்ட 0.15 மி.மீ. ஆக, வெர்னியர் 0.9 காட்டினால் உள்ளே இருக்கும் இரும்பு 0.75தான். இருபது கேஜ் என்று விற்கும் பாதிச் சரக்கு இப்படிப் பெயிண்டைச் சேர்த்து இருபது ஆனவை. இங்கே செக்காலைப் பக்கம் ஒரு மெக்கானிக் ஆன்லைனில் ஒரு பெட்டி வாங்கினார். கம்பெனி பெயர் வேண்டாம். கீழ் டிராயரில் பேரிங் கழற்றும் புல்லரையும் முக்கால் அங்குல சாக்கெட் செட்டையும் வைத்தார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் டிராயரின் அடி தொட்டில் மாதிரித் தொங்கிவிட்டது.

தகட்டைவிட முக்கியம் சேனல், டிராயர் ஓடுகிற தண்டவாளம். நான் பெட்டி பார்க்கப் போனால் பெயிண்ட்டைப் பார்ப்பதே இல்லை, நேராக டிராயரைக் கடைசிவரை இழுப்பேன். கடைசிவரை வருகிறதா, முக்கால்வாசியில் நின்றுவிடுகிறதா? முக்கால்வாசி வருவது என்றால் பின்னால் இருக்கும் கால் பாகம் குகை. அங்கே போன 10 மி.மீ. சாக்கெட் திரும்ப வராது. அப்புறம் இழுத்த டிராயரின் முன்மூலையில் உள்ளங்கையை ஊன்றி அழுத்து. பக்கவாட்டில் ஆட்டு. நல்ல பால் பேரிங் சேனல் கொஞ்சம் வளையும், ஆனால் சத்தம் போடாது. மட்டமானது கடகட என்று ஆடும். ஜோடிக்கு 45 கிலோ என்று எழுதியிருப்பார்கள்; அது எடை டிராயர் முழுக்கச் சமமாகப் பரவியிருக்கும்போது. நாம் வைக்கிற வைப்பில் கனமானது எல்லாம் முன்னால்தான் கிடக்கும், கைக்கு எட்ட வேண்டுமே. அதனால் அகலமான டிராயருக்கு இரண்டு ஜோடி சேனல் இருக்கிறதா என்று பார்.

நம் ஊருக்கு என்று தனியாக ஒரு சங்கதி உண்டு. புதுவயல் ரைஸ் மில்களில்தான் எனக்குப் பாதி வேலை. அங்கே பறப்பது வெறும் தூசி இல்லை, தவிட்டுத் தூசி. எண்ணெய்ப் பிசுக்கு உள்ளது. கம்பெனியிலேயே சேனலுக்குத் தாராளமாகக் கிரீஸ் தடவி அனுப்புகிறார்கள் இல்லையா, அதில் இந்தத் தவிடு போய் ஒட்டினால் கொஞ்ச நாளில் பழுப்பு நிறத்தில் பசை மாதிரி ஆகிவிடும். குண்டுகள் உருளாமல் இழுபடும். அப்புறம் டிராயரை ஆள் பலத்தில்தான் இழுக்க வேண்டும். மில் வேலைக்குப் போகும் பெட்டி என்றால் நான் முதல் காரியமாக அந்தக் கிரீஸை டீசலில் துடைத்து எடுத்துவிட்டு, மெல்லிய மெஷின் ஆயில் ஒரு துளி விட்டு, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுவேன். உன் ஒர்க்‌ஷாப் கார் வேலைதான் என்றாலும், பிரேக் தூசியும் செம்மண்ணும் தவிட்டுக்குச் சளைத்தவை இல்லை.

டிராயர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதே. ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், பிளையர் எல்லாம் படுத்துக் கிடப்பவை. இரண்டு அங்குல உயரம் போதும். ஆறு அங்குல டிராயரில் போட்டால் ஒன்றின் மேல் ஒன்று குவியும், தேடுவதிலேயே நேரம் போகும். உயரம் குறைந்த டிராயர் நான்கு, ஆழமானவை இரண்டு இருந்தால் தாராளம். ஒரு டிராயர் திறந்திருக்கும்போது அடுத்தது திறக்காத பூட்டு இருந்தால் இன்னும் நல்லது. நிறைந்த டிராயர் இரண்டு மூன்று ஒன்றாக வெளியே வந்தால் பெட்டியே முன்னால் கவிழ்ந்து காலை நசுக்கிவிடும். சின்னப் பையன்களை வேலைக்கு வைக்கப்போகிறாய் என்பதால் சொல்கிறேன். சக்கரம் ஐந்து அங்குலம், அடிச்சட்டத்தோடு போல்ட் போட்டதாக இருக்க வேண்டும். வெறும் தகட்டில் ஸ்க்ரூ அடித்தது வேண்டாம்.

சரி, இங்கே வந்து என்ன செய்வது? பீரோ அடிக்கிற பட்டறைக்காரரிடம் போகலாம். அவர்கள் தகடு வளைப்பதிலும் ஸ்பாட் வெல்டிங்கிலும் கெட்டி. டிராயர் சேனல்தான் அவர்களுக்கு வராது. தகட்டின் மேல் தகடு உரசி ஓடுகிற மாதிரி செய்து தருவார்கள். அதை மட்டும் நாம் மாற்றிக்கொள்ள வேண்டும். வீட்டு கிச்சனுக்கு ஆசாரிகள் போடுகிறார்களே, அதே டெலஸ்கோபிக் சேனல், எப்கோ, ஹெட்டிச் எல்லாம் ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கின்றன. 45 கிலோ ஜோடியாகப் பார்த்து நாமே வாங்கிக் கொடுத்துவிட்டால் அவர்கள் பொருத்திவிடுவார்கள். தகடு எல்லாம் 18 கேஜ், பவுடர் கோட்டிங் மதுரையில் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஏழு டிராயர் கேபினட் முப்பதாயிரத்துக்குள் முடியும். பூட்டு மட்டும் ஸ்னாப்-ஆன் தரத்துக்கு வராது. ஆனால் சேனல் தேய்ந்தால் அன்றைக்கே போய் வேறு ஜோடி வாங்கி மாட்டலாம். அந்தக் கறுப்புப் பெட்டியின் சேனல் அளவு யாரிடமும் இருக்காது. ஒன்று போனால் டிராயரே போன மாதிரி.

வெளி வேலைக்கு நம் பழைய ஐந்து தட்டு இரும்பு டூல் பாக்ஸ் போதும். இரண்டு பக்கமும் விரித்தால் எல்லாத் தட்டும் கண்முன்னே. அதில் போவது ரிவெட்தான், தட்டைத் தாங்கும் கையில் இருக்கும் ரிவெட். வாங்கும்போது திறந்து மூடி, கை ஆட்டம் கொடுக்கிறதா பார்த்துக்கொள். பிளாஸ்டிக் பெட்டி வேண்டாம். நம் சித்திரை வெயிலில் வண்டியின் பின்னால் கிடந்தால் கொக்கி சில்லாகத் தெறிக்கும்.

அளவுக் கருவிகளுக்கு மட்டும் எனக்கு வேறு யோசனை. பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். பங்காளிகள் எல்லாம் சென்னையிலும் மலேசியாவிலும்; ஆள் இல்லாத வீடு. தூண், நிலை, கதவு எல்லாம் ஏற்கெனவே விலை பேசியாகிவிட்டது; பார்க்க மனசு கேட்கவில்லை. அங்கே ஒரு பர்மா தேக்குப் பெட்டி இருக்கிறது, மூன்றடி நீளம். மூலையில் பலகையும் பலகையும் பல்லுப் பல்லாகக் கோத்திருக்கிறது, ஒரு ஆணி கிடையாது. மூடியைத் திறந்தால் இடது பக்கம் சில்லறைக்காகச் சின்னதாக ஒரு தனி அறை. மூடியைக் கீழே விட்டால், உள்ளே இருக்கும் காற்று விலகி மெதுவாகத்தான் இறங்குகிறது, அவ்வளவு நெருக்கமான வேலை. முனீஸ்வரன் கோயில் தெருக் கடைக்குப் போய்விட்டால் டூரிஸ்ட் விலை ஆகிவிடும். அதற்குள் கேட்டு வைத்திருக்கிறேன்.

அதில் எதற்கு மைக்ரோமீட்டர் என்று சிரிக்காதே. அமெரிக்காவில் 1906 முதல் கெர்ஸ்ட்னர் என்ற கம்பெனி மரத்தில்தான் அளவுக் கருவிப் பெட்டி செய்கிறது, உள்ளே பச்சைத் துணி ஒட்டி. மரம் ஈரத்தை வாங்கியும் விட்டும் உள்ளே காற்றைச் சட்டென்று மாறவிடாது. ஐப்பசி கார்த்திகையில் இரவெல்லாம் குளிர்ந்த இரும்பின் மேல் காலை ஈரக்காற்று பட்டால் வியர்த்துவிடும். தகட்டுப் பெட்டிக்குள்ளும் அதே கதை. அதோடு தேக்குக்கு இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும் குணம் கிடையாது, கப்பல் கட்டியவர்கள் ஓக்கைவிட்டுத் தேக்கைத் தேடி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். துருப்பிடிப்பதையும் ஆராய்ச்சி செய்ய நம் ஊரில் சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டிய இடம். அதன் மதிலை ஒட்டித்தான் பாலிடெக்னிக்குக்குச் சைக்கிள் மிதித்தோம். ஆனாலும் இங்கே பாதி ஒர்க்‌ஷாப்பில் வெர்னியர் ஈரச் சாக்கின் மேல்தான் கிடக்கிறது. மரப்பெட்டியோ தகட்டுப் பெட்டியோ, வி.சி.ஐ. தாள் ஒன்று வாங்கிப் போட்டுவிடு. அதிலிருந்து வரும் ஆவி இரும்பின் மேல் மெல்லிசாகப் படிந்து துருவைத் தடுக்கும். பெட்டி மூடியிருந்தால்தான் வேலை செய்யும் என்பதை மட்டும் பையன்களுக்குச் சொல்லி வை.

ஷெட் கதவின் அகலத்தை அளந்து எழுதச் சொல்லி உன் தம்பியிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன், ஆளைக் காணோம். நீ ஒரு போன் போடு. அளவு வந்தால் ஆடிக்குள் பட்டறையில் முன்பணம் கொடுத்துவிடுவேன். தேக்குப் பெட்டிக்கும் பேசி முடித்துவிடலாம். உன் பணத்தில் மிச்சப்படுவதற்கு ஸ்னாப்-ஆனில் கேபினட்டை விட்டுவிட்டு, சாக்கெட்டை மாட்டித் திருப்பும் 80 பல் ராட்செட் கைப்பிடி ஒன்று வாங்கி வா. நாலரை டிகிரி திரும்பினாலே அடுத்த பல் பிடித்துக்கொள்ளும், என்ஜினுக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவில் கை நுழையாத இடத்தில் அதற்கு ஈடு கிடையாது. வாங்குவதுதான் வாங்குகிறாய், எனக்கும் ஒன்று சேர்த்து வாங்கு. காசை இங்கே தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் காரைக்குடிக்காரன்