அச்சாவோ மினிபஸ் ஓட்டுநர் அண்ணனுக்கு

சிலி நாட்டின் சிலோயே தீவு. காஸ்ட்ரோவிலிருந்து அச்சாவோ போகும் சின்ன பஸ். ஏறும்போது எங்கள் இருவர் கையிலும் இருந்தது 20,000 பெசோ நோட்டு ஒன்றுதான். ஏடிஎம் தந்தது. அந்த நாட்டில் அதைவிடப் பெரிய நோட்டு கிடையாது. ஊர் பஸ்ஸில் அதை நீட்டினால் யாரிடம் சில்லறை இருக்கும்?

நீங்கள் முகம் சுளிக்கவில்லை. "உட்காருங்கள்" என்று கையைக் காட்டினீர்கள். வழியில் டல்காவே ஊரில் பஸ்ஸோடு படகில் ஏறி, அச்சாவோ இருக்கும் கின்ச்சாவோ தீவுக்குக் கடக்கச் சில நிமிடம்தான். அதற்குள் இறங்கி, பக்கத்து வண்டிக்காரர்களிடம் நோட்டை மாற்றி, மீதியை ஒவ்வொரு தாளாக எங்கள் உள்ளங்கையில் எண்ணி வைத்தீர்கள். கேட்காமலே டிக்கெட்டின் பின்புறம் திரும்பும் கடைசி பஸ்ஸின் நேரத்தையும் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தீர்கள். அன்று ஞாயிறு, பஸ் குறைவு. அந்தக் கோடுகள் இல்லையென்றால் அச்சாவோவின் 18ஆம் நூற்றாண்டு மரத் தேவாலயத்தை அண்ணாந்து பார்த்தபடியே வண்டியை விட்டிருப்போம்.

போகிறவர்களுக்கு: பெரிய நோட்டைக் காஸ்ட்ரோவிலேயே 1,000, 2,000 தாள்களாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கினால் போதும். ஊர் பஸ்கள் நிற்கும் நிலையம் வேறு, தொலைதூர பஸ் நிலையம் வேறு. கண்ணாடியில் வைத்திருக்கும் ஊர்ப்பலகையைப் பார்த்து ஏறுங்கள்.

அண்ணா, உங்களுக்குத் தமிழ் தெரியாது. அந்த வழியில் போகிற யாராவது இதை ஸ்பானிஷில் அவரிடம் சொல்லிவிடுங்கள். டிக்கெட் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது.