சிரட்டையைக் கவிழ்க்கும் கூலி யாருடையது?

தென் மண்டலக் கவுன்சிலின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். 1956-ஆம் ஆண்டின் மாநில மறுசீரமைப்புச் சட்டம்தான் எங்கள் தாலுகாவைத் திருவிதாங்கூர்-கொச்சியிடமிருந்து வாங்கித் திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்த்தது. தென் மாநிலங்கள் கூடிப் பேசும் உங்கள் கவுன்சிலைப் பெற்றதும் அதே சட்டம். எல்லைக்கோடு போட்டவர்களுக்கே அதைத் தாண்டிப் பேச வேண்டி வரும் என்பது தெரிந்திருக்கிறது. (2019 முதல் நாங்கள் தென்காசி மாவட்டம். ஆனாலும் நோய் முற்றினால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுகிறோம்.)

கேரளத்தில் நிபா என்று செய்தி வந்தால் எல்லையிலுள்ள புளியரைச் சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிறுத்தி நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டுவார்கள். கேரளப் பக்கத்து ஆரியங்காவிலிருந்து ஜன்னலோரம் சாரலில் நனைந்து வந்த நெற்றி அது. காய்ச்சலே இருந்தாலும் கருவிக்குக் குளிர்ச்சியாகத்தான் தெரியும். இதற்குப் பந்தல், ஆள், வண்டி, படி எல்லாம் உண்டு. மலைக்கு மேற்கே எந்த ஊரில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்ற பட்டியல் அன்றன்று கைக்கு வந்தால் இதில் பாதிச் செலவு மிச்சம். என் பணிக்காலத்தில் அதை நான் பெரும்பாலும் மறுநாள் செய்தித்தாளில்தான் படித்தேன்.

டெங்குவுக்கு வருகிறேன். மேற்கே மலைச்சரிவெல்லாம் ரப்பர். மழைக்காலத்தில் பால் வெட்டுவதை நிறுத்தினால், பால் பிடிக்க மரத்தில் கட்டிய சிரட்டைகளில் (கொட்டாங்குச்சிகளில்) தண்ணீர் தேங்கும். ஒன்றைச் சாய்த்துப் பார்த்தால் உள்ளங்கையளவு நீரில் கொசுப்புழுக்கள் நெளியும். கவிழ்த்து வைக்க ஓர் ஆளின் கூலி போதும். அந்தக் கூலியைக் கொடுக்க வேண்டியவர் அந்தப் பக்கம். ஆனால் அங்கே வேலைக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்புகிறவரின் படுக்கை, ரத்தப் பரிசோதனை, இழந்த கூலி எல்லாம் இந்தப் பக்கத்துக் கணக்கு. லாபம் பக்கத்து வீட்டுக்குப் போகும் என்றால் யார்தான் கைக்காசைப் போடுவார்? நாங்களும் உத்தமர்கள் அல்லர். எங்கள் மூடாத தொட்டிகளில் வளரும் கொசு கடித்தவர்களும் தினமும் மலையேறிப் போகிறார்கள்.

2024 டிசம்பரில் திருநெல்வேலி அருகே நடுக்கல்லூர்ப் பக்கம் கொட்டப்பட்ட கேரள மருத்துவக் கழிவும் இதே கணக்குத்தான். முறையாக எரிப்பதற்கு ஆகும் செலவைவிட லாரி வாடகை யாருக்கோ மலிவாகப் பட்டிருக்கிறது. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகே கேரளம் அள்ளிச் சென்றது. கொட்டியதற்கு ஒரு லாரி, அள்ளியதற்கு ஒரு லாரி, நடுவே வழக்குச் செலவு.

பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது; தொற்று ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் பரவாமல் தடுப்பதோ பொதுப் பட்டியலில். ஆகவே சட்டம் தடையில்லை. புதுக் கட்டடமும் கேட்கவில்லை. செங்கோட்டைக்கும் கேரளத்துப் புனலூருக்கும் பொதுவாக ஒரு சிறு நிதி, இரு மாநிலமும் போடட்டும். கொசு ஒழிப்பு ஆள் எந்தப் பக்கம் தேவையோ அந்தப் பக்கம் போகட்டும். வருடக் கடைசியில் கணக்குப் பார்த்து நேர் செய்துகொள்ளட்டும். காய்ச்சல் பட்டியல் மட்டும் தினமும் மாலைக்குள் கைமாற வேண்டும்.

தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்தில் பிடிக்கும். கூலிப்பணம் மே மாதமே கைக்கு வந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர், செங்கோட்டை