பட்டாளத்தில் படித்த படிப்பு எந்தக் கணக்கில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசிய இந்திய இளைஞர்கள் நம் நாட்டு ராணுவத்தில் சேர முன்வர வேண்டும் என்று நம் தலைவர்கள் கேட்டுக்கொள்வதை அவ்வப்போது பத்திரிகைகளில் படிக்கிறோம். நல்ல விஷயம்தான். ஆனால் அப்படிச் சேர்ந்தவர் இருபது வருஷம் கழித்து வெளியே வரும்போது கையில் என்ன சான்றிதழோடு வருகிறார் என்பதை யாரும் பேசக் காணோம். ஜொகூர் மாநிலத்து ரெங்கத்தில் நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறேன். பாரம் நிரப்பிக் கொடுப்பதும் உண்டு. அதனால் அந்தச் சான்றிதழ்கள் என் கையில் அடிக்கடி புரள்கின்றன. அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் குளுவாங் மாவட்டத்தைச் சேர்ந்தது. சுற்றிலும் செம்பனைத் தோட்டம், குளுவாங்கில் ராணுவ முகாம்கள். தோட்டத்துப் பிள்ளைகளில் சிலர் ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வை முடித்த கையோடு பட்டாளத்துக்குப் போனார்கள். பதினெட்டு வயதில் சேர்ந்து, ஓய்வூதியத்துக்குத் தேவையான 21 வருஷ சேவையை முடித்தால் வயது நாற்பதுக்குப் பக்கம். பிள்ளைகள் அப்போதுதான் இடைநிலைப்பள்ளியில் இருப்பார்கள். சும்மா உட்கார முடியுமா? எங்கள் பக்கத்தில் நான் பார்த்தவரை கைக்கு எட்டுவது ஜாகா என்னும் காவலாளி வேலைதான். அந்த வேலையைக் குறை சொல்லவில்லை. ஆனால் ராணுவ லாரி எஞ்சினைப் பிரித்துப் பூட்டியே காலம் கழித்தவர் பேரங்காடி வாசலில் நின்று கார்களுக்கு இடம் காட்டுவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை.

என் கொழுந்தனார் அப்படி ஒருவர். ராணுவத்தின் மின், இயந்திரப் பொறியியல் பிரிவில் வாகன மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். என் கடை வாசலில் வந்து நின்ற ரொட்டி வேனின் சத்தத்தைக் கேட்டே எத்தனையாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று சொல்லக்கூடிய ஆள். டிப்ளோமா படிக்க ஆசைப்பட்டு ஒரு தனியார் கல்லூரியில் விசாரித்தார். "அண்ணி, இதையெல்லாம் ரெண்டு செட் எடுத்துக் குடுங்க" என்று நீல நிறக் கோப்பு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

கோப்பில் இருந்ததெல்லாம் பயிற்சிச் சான்றிதழ்கள். மேலே படைப்பிரிவின் சின்னம். அதன் கீழே பெயர், ராணுவ எண், பயிற்சியின் பெயர் சுருக்கெழுத்துகளில், இந்தத் தேதி முதல் அந்தத் தேதி வரை என்று ஒரு வரி. கடைசியில் 'லூலுஸ்' (தேர்ச்சி) அல்லது 'பாய்க்' (நன்று), ஓர் அதிகாரியின் கையெழுத்து. அவ்வளவுதான். எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் பட்டறை, என்னென்ன பாடம், என்ன தேர்வு என்று ஒரு வார்த்தை கிடையாது. கல்லூரியில் இருந்தவர்கள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்களுடைய எந்தப் பாடத்துக்குச் சமம் என்று நீங்களே எழுதிக் கொண்டுவாருங்கள், அத்தாட்சியும் இணையுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். லீவு பாரத்துக்கு மேல் எதையும் எழுதிப் பழகாத மனிதர் அவர்.

சரி, பாடத்திட்டத்தையாவது இணைக்கலாமே என்று பார்த்தால், அவரிடம் இருந்த ஒரு பயிற்சிக் குறிப்பின் தலையில் 'தெர்ஹாட்' (வெளியாருக்குக் காட்டக்கூடாதது) என்று முத்திரை குத்தியிருந்தது. 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டம் யாருக்குத்தான் பயம் தராது? நான் அந்தத் தாளை இயந்திரத்தில் வைக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். யோசித்துப் பாருங்கள். கற்றதை நிரூபி என்கிறது கல்லூரி. நிரூபிக்கும் தாளை வெளியே காட்டாதே என்கிறது சட்டம். நடுவில் மாட்டிக்கொண்டவர் என்ன செய்வார்?

இத்தனைக்கும் நம் நாட்டில் இதற்கு வழியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ.வின் கீழ் 'ஏபெல்' என்ற முறை நடப்பில் இருக்கிறது. வேலை அனுபவத்தில் கற்றதைப் படிப்பாக அங்கீகரிப்பதுதான் அதன் வேலை. ஏபெல் ஏ என்பது நுழைவதற்கான வழி. டிப்ளோமாவுக்கு 20 வயது, இளங்கலைப் பட்டத்துக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். படிக்கப்போகும் துறையில் அனுபவமும் இருந்தால் விண்ணப்பித்துத் தேர்வு எழுதலாம். ஏபெல் சி கிரெடிட்டுக்கானது, அதாவது பாடத்துக்குரிய மதிப்புப் புள்ளிக்கானது. ஏற்கெனவே தெரிந்த பாடத்துக்கு ஒரு சவால் தேர்வு எழுதியோ, அத்தாட்சிகளைத் தொகுத்துக் கொடுத்தோ, அந்தப் பாடத்தைப் படிக்காமலேயே கிரெடிட் பெறலாம். மொத்தக் கிரெடிட்டில் 30 விழுக்காட்டுக்கு மேல் தரமாட்டார்கள்.

இந்த 30 விழுக்காடு சின்ன விஷயம் இல்லை. நம் நாட்டுக் கணக்கில் 40 மணி நேரக் கற்றல் ஒரு கிரெடிட். டிப்ளோமாவுக்குக் குறைந்தது 90, இளங்கலைக்குக் குறைந்தது 120. ஆக டிப்ளோமாவில் 27, இளங்கலையில் 36 கிரெடிட் வரை மிச்சமாகலாம். பட்டப்படிப்பில் அது ஏறக்குறைய ஒரு வருஷம். மதிப்பீட்டுக்குத் தனிக் கட்டணம் கட்டினாலும், குடும்பஸ்தருக்கு ஒரு வருஷப் படிப்புச் செலவு குறைவது லேசான காரியமா?

கைத்தொழில்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. திறன் மேம்பாட்டுத் துறையின் பி.பி.டி. முறையில், வகுப்புக்குப் போகாமலே வேலை அனுபவத்தைக் காட்டி எஸ்.கே.எம். என்னும் மலேசியத் திறன் சான்றிதழ் வாங்கலாம். பட்டறை வைக்க நினைப்பவருக்கு டிப்ளோமாவைவிட அதுவே உசிதம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதற்கும் அத்தாட்சிக் கோப்பு வேண்டும். திரும்பவும் அதே நீலக் கோப்புப் பிரச்சினைதான்.

அமெரிக்காவில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். அங்கே அமெரிக்கக் கல்வி மன்றம் 1945 முதலே இந்த வேலையைச் செய்து வருகிறது. சிப்பாயைப் பிடித்து நிரூபி என்று கேட்பதில்லை. கல்லூரி ஆசிரியர்கள் சிலர் ராணுவப் பயிற்சியின் பாடத்திட்டம், நேரம், தேர்வு முறை எல்லாவற்றையும் பார்த்து, இந்தப் பயிற்சிக்கு இந்தத் துறையில் இத்தனை கிரெடிட் தரலாம் என்று பரிந்துரை எழுதிவிடுகிறார்கள். அப்புறம் அந்தப் பயிற்சியில் தேறுகிறவர்களின் பொதுப் பதிவேட்டில் அந்தப் பரிந்துரை தானாக ஏறிவிடுகிறது. தரைப்படை, கடற்படை, மரைன், கடலோரக் காவல் படை எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பதிவேடு. விமானப்படைக்கு 1972 முதல் தனிக் கல்லூரியே இருக்கிறது.

அங்கேயும் எல்லாம் சுகம் என்று சொல்ல வரவில்லை. மன்றம் பரிந்துரைக்கத்தான் முடியும், ஏற்பதும் மறுப்பதும் அந்தந்தக் கல்லூரியின் விருப்பம். ஏற்றுக்கொண்டாலும் பல நேரம் விருப்பப் பாடத்தின் கணக்கில் போட்டுவிடுவதால், பட்டத்துக்குக் கட்டாயமான பாடங்கள் அப்படியே நிற்கும். இருந்தாலும் சிப்பாயின் கையில் பேச ஒரு தாள் இருக்கிறதே!

இந்தியாவின் வழி வேறு. மெட்ரிக் என்னும் பத்தாம் வகுப்புத் தேறி 15 ஆண்டு சேவை முடித்த முன்னாள் வீரரை, மத்திய அரசின் சி பிரிவு வேலைகளுக்குப் பட்டதாரிக்குச் சமமாக எடுத்துக்கொள்கிறார்கள். மரியாதைதான், எனக்குப் புரிகிறது. ஆனால் மெக்கானிக்குக்கும் சமையற்காரருக்கும் ஒரே தகுதியைக் கொடுத்தால், யார் என்ன கற்றார் என்பது அதில் தெரியாமல் போகிறது. நான் கேட்பது அதை இல்லை.

நம் ராணுவப் பயிற்சிகளை எம்.கியூ.ஏ.வும் தற்காப்பு அமைச்சும் சேர்ந்து உட்கார்ந்து ஒருமுறை மதிப்பிட்டால் போதும் என்கிறேன். இரகசிய முத்திரை பெற்ற பாடத்தையும் அமைச்சின் அறைக்குள்ளேயே வைத்துப் பார்க்கலாமே, எந்தச் சட்டமும் மீறப்படாது. மின், இயந்திரப் பிரிவு, பொறியாளர் படை, செம்போயான் என்னும் தகவல் தொடர்புப் பிரிவு, மருத்துவப் பிரிவு என்று வெளியுலக வேலைக்கு நேராகப் பொருந்துகிற பயிற்சிகளில் தொடங்கலாம். சுங்கை பீசியில் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம் 2006 முதல் இயங்குகிறது. ராணுவமும் தெரிந்து பாடத்திட்டமும் தெரிந்த விரிவுரையாளர்கள் அங்கே இருக்கிறார்கள். ஓய்வு பெறப் போகிறவர்களுக்கு, முன்னாள் ராணுவத்தினர் விவகாரக் கழகமான பெர்ஹெபாட் பயிற்சி நடத்துகிறதே, அதில் அத்தாட்சிக் கோப்பு தயாரிக்கச் சொல்லித் தர ஒரு வாரம் ஒதுக்கினால் இன்னும் நல்லது.

இப்படிச் சொன்னால், "நாங்கள் கண் விழித்துப் படித்து வாங்கிய பட்டத்தை இவர்களுக்குச் சும்மா தூக்கிக் கொடுப்பதா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கடையில் என்னிடமே ஒருவர் கேட்டார். சும்மா ஒன்றும் கிடைக்காது. தேர்வு எழுதித் தேற வேண்டும், மீதி 70 விழுக்காட்டை எல்லோரையும் போல உட்கார்ந்து படிக்க வேண்டும். அணிவகுப்பில் நடந்ததற்கெல்லாம் கிரெடிட் கேட்டால் நானே கொடுக்கமாட்டேன். ஆனால் ஆயுதக் கிடங்கின் இருப்புக் கணக்கை ஒரு தோட்டாகூடக் குறையாமல் பல வருஷம் பார்த்த சார்ஜன்ட்டை, இருப்பு மேலாண்மை முதல் பாடத்தில் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைப்பதில் யாருக்கு என்ன லாபம்?

இன்னும் பணியில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு பயிற்சி முடியும்போதும், முகாமை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே, வகுப்பு எத்தனை மணி நேரம், பட்டறை எத்தனை மணி நேரம், என்னென்ன தலைப்பு என்று அதிகாரியின் கையெழுத்தோடு ஒரு கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை குத்திய குறிப்பு எதற்கும் ஆசைப்படாதீர்கள், கடிதம் போதும். ஓய்வு பெற்ற பிறகு எழுதிக் கேட்டால், அந்த அதிகாரி எந்த முகாமுக்கு மாறிப் போனார் என்று தேடுவதிலேயே காலம் போய்விடுகிறது. கொழுந்தனார் இப்போது அந்தத் தேடலில்தான் இருக்கிறார்.

ஏபெல் பற்றித் தமிழில் எளிமையாக விளக்கும் பக்கம் எதுவும் என் கண்ணில் படவில்லை. தங்கள் நாளிதழ் அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இடம் தந்தால் நன்றாக இருக்கும். அடுத்த முறை ஆள்சேர்ப்பு விளக்கம் நடக்கும் இடத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போகும் பெற்றோர், சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு என்று விசாரிப்பதோடு இதையும் கேளுங்கள்: என் மகன் கற்கப்போகும் பயிற்சி எத்தனை கிரெடிட் பெறும், அதை எந்தத் தாளில் எழுதித் தருவீர்கள்?

இப்படிக்கு,
நகல் கடை வாசகி,
ரெங்கம், ஜொகூர்.