மருந்து இல்லாத நாளையும் பதிவேட்டில் எழுத வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெல்டா மாவட்ட அரசு மருத்துவமனைகளில் பாம்புக்கடி மருந்துக்குத் தட்டுப்பாடு என்ற செய்தியும், அதே மாவட்டங்களில் காலாவதியான மாத்திரைகள் பெட்டி பிரிக்கப்படாமலே கிடக்கின்றன என்ற செய்தியும் நாளிதழ்களில் மாறி மாறி வந்துகொண்டிருக்கின்றன. முதல் செய்திக்கு அரசையும் இரண்டாவதற்கு ஊழியர்களையும் கடிந்துகொண்டு நாம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். முப்பத்தோரு ஆண்டுகள் இப்பகுதியின் அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, இவ்விரண்டு செய்திகளும் ஒரே பதிவேட்டிலிருந்து பிறந்தவையாகத்தான் தெரிகின்றன. அந்தப் பதிவேட்டைப் பற்றிச் சிறிது எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1994-இல் நிறுவப்பட்டு அடுத்த ஆண்டு முதல் இயங்கத் தொடங்கிய, அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கி வழங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைக் குறை கூறுவது என் நோக்கமன்று. நான் பணியில் சேர்ந்த புதிதில் எந்தப் பெட்டி எப்போது வரும், அதில் என்ன இருக்கும் என்று தெரியாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்போம். கழகம் வந்த பிறகு மாவட்டத்துக்கு மாவட்டம் கிடங்கு வந்தது. மருத்துவமனைக்கு இத்தனை ரூபாய் ஒதுக்கீடு என்று எழுதிய பாஸ்புக் வந்தது. வந்திறங்கும் ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரித்த நிறுவனத்தின் பெயர் தெரியாதபடி மறைத்து, ஆய்வகத்துக்கு அனுப்பித் தேறிய பிறகே விநியோகம் என்ற ஒழுங்கு வந்தது. கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத்தான் தங்கள் மாநிலங்களில் இதே போன்ற கழகங்களை அமைத்துக்கொண்டன. ஆனால் எவ்வளவு நல்ல கிடங்கும் கேட்டதைத்தான் தரும். கேட்பது இண்டென்ட் என்று நாங்கள் சொல்லும் தேவைப்பட்டியல். அந்தப் பட்டியலை எழுதுவது எங்களைப் போன்ற மருந்தாளுநர்கள். பிழை நுழைவது அங்கேதான்.

பட்டியல் எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பொதுமக்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. சென்ற ஆண்டு ஒரு மருந்து எவ்வளவு வழங்கப்பட்டது என்று இருப்புப் பதிவேட்டைப் பார்த்துக் கூட்டி, அதனுடன் பத்து விழுக்காடு சேர்த்துப் பன்னிரண்டால் வகுத்து, மாதத்துக்கு இவ்வளவு என்று எழுதிவிடுவோம். பார்வைக்கு நியாயமான கணக்கு. ஆனால் வழங்கப்பட்ட அளவு வேறு, தேவைப்பட்ட அளவு வேறு. எடுத்துக்காட்டாக, டிசம்பரில் வெள்ளம் வடிந்த பிறகு எலிக்காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை நாளொன்றுக்கு நூறு போகிறது என்று வைத்துக்கொள்வோம். இருபது நாளில் இரண்டாயிரம் தீர்ந்துவிடுகிறது. மீதிப் பதினொரு நாளும் மருந்து இல்லை, நோயாளிகளை வெளியே வாங்கிக்கொள்ளச் சொல்கிறோம். பதிவேட்டில் அந்த மாதத்துச் செலவு இரண்டாயிரம் என்றுதான் ஏறும். உண்மையான தேவை மூவாயிரத்து நூறு. அடுத்த ஆண்டு இரண்டாயிரத்து இருநூறு கேட்டு, "பத்து விழுக்காடு கூட்டித்தானே கேட்டேன்" என்ற நிம்மதியோடு கையெழுத்திடுவோம். அந்த டிசம்பரில் இருபத்திரண்டாம் நாள் மறுபடியும் கை விரிப்போம். மருந்து இல்லாத நாளைத் தேவை இல்லாத நாளாகக் கணக்கிடும் இந்தப் பழக்கத்தால் ஒரு முறை வந்த தட்டுப்பாடு ஆண்டுதோறும் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. எல்லா மருத்துவமனைகளும் இப்படிக் குறைத்துக் கேட்டால், அவற்றைக் கூட்டித்தானே சென்னையில் டெண்டர் விடுவார்கள்?

திருத்தம் மிக எளிது. மாதச் செலவை முப்பதால் வகுக்காமல், மருந்து கையிருப்பில் இருந்த நாள்களால் மட்டும் வகுக்க வேண்டும். அப்படிக் கிடைக்கும் நாள்தேவையைப் பட்டியல் அனுப்பிச் சரக்கு வந்து சேர ஆகும் நாள்களால் பெருக்கி, அதனுடன் எதிர்பாராததற்கென்று சில நாள் இருப்பைச் சேர்த்தால், எந்த அளவுக்கு இறங்கும்போது மறுபடியும் கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். மேற்சொன்ன மாத்திரைக்குச் சரக்கு வரப் பதினைந்து நாள், காப்பாகப் பத்து நாள் என்றால், இரண்டாயிரத்து ஐந்நூறு என்ற கோட்டைத் தொட்டதும் இண்டென்ட் போய்விட வேண்டும். இதற்குக் கணினி கூட வேண்டாம்; அலமாரியில் ஒட்டிய ஒரு துண்டுச் சீட்டு போதும். ஆனால் இதைச் செய்ய, மருந்து தீர்ந்த தேதியும் வந்த தேதியும் பதிவேட்டில் இருக்க வேண்டும். பெரும்பாலும் இருப்பதில்லை.

ஏன் இருப்பதில்லை என்பதுதான் இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நூறு மாத்திரை காலாவதியானால் தணிக்கையில் கேள்வி வரும். விளக்கம் எழுத வேண்டும். சில வேளைகளில் சம்பளத்தில் பிடித்தமும் உண்டு. அதே மாத்திரை இல்லாமல் நூறு பேர் திரும்பிப் போனால் தணிக்கையாளர் ஒரு வார்த்தை கேட்க மாட்டார், ஏனென்றால் அவர் முன்னால் இருக்கும் ஏட்டில் அந்த நூறு பேர் இல்லை. இந்த நிலையில் குறைத்துக் கேட்பவரே புத்திசாலி. என் பணிக்காலத்தில் நானும் அப்படிப் புத்திசாலியாகத்தான் நெடுநாள் இருந்தேன்.

அதற்கு விலை கொடுத்த இரவு ஒன்று உண்டு. ஒரு சம்பா பருவத்தில், வயலில் பூச்சிமருந்து அடித்த கையோடு மயங்கி விழுந்த விவசாயத் தொழிலாளி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ஆர்கனோபாஸ்பரஸ் என்ற பூச்சிமருந்து வகையின் நஞ்சு. இதற்கு அட்ரோபின் ஊசியை, நுரையீரலில் நீர்க்கோப்பு வற்றும் வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போட வேண்டும். ஆம்பூல் என்னும் சிறு கண்ணாடிக் குப்பி ஒன்றில் இருப்பது 0.6 மில்லிகிராம்தான், கடுமையான நோயாளி ஒருவருக்கே ஓர் இரவில் டஜன் கணக்கில் ஆம்பூல்கள் உடையும். எங்களிடம் இருந்தவை அறுபது. இரவு இரண்டு மணிக்கு அவை தீர்ந்தன. கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருந்த ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டி, இருபது ஆம்பூல்களைக் கடனாக வாங்கி வந்தேன். அவற்றைக் கொண்டு ஓரளவு நிலைப்படுத்தித் தஞ்சாவூருக்கு ஆம்புலன்ஸில் ஏற்றினோம். பிழைத்துவிட்டார் என்று பின்னர் கேள்விப்பட்டேன். மறுநாள் காலையில் இண்டென்ட்டைப் புரட்டினால் மாதத்துக்கு அறுபது என்று என் கைப்படவே எழுதியிருக்கிறது. அதைவிட வருத்தம், வெளியில் வாங்கிய இருபதும் எங்கள் பதிவேட்டில் ஏறவே இல்லை. அடுத்த ஆண்டுக் கணக்கைப் பொறுத்தவரை அப்படி ஓர் இரவு நடக்கவே இல்லை.

அட்ரோபின் விலை குறைந்த மருந்து. மருந்துக் கிடங்கு மேலாண்மையில் ஏ, பி, சி என்று செலவைப் பொறுத்துப் பிரிப்பது ஒன்று. இல்லாவிட்டால் உயிர் போகும், நோய் முற்றும், பொறுக்கலாம் என்று இன்றியமையாமையைப் பொறுத்துப் பிரிப்பது இன்னொன்று. ஒதுக்கீடு ரூபாயில் இருப்பதால் எங்கள் கண் இயல்பாகவே முதல் கணக்கின் மீதுதான் இருக்கும். அட்ரோபின், பிரசவ வலிப்புக்கான மெக்னீசியம் சல்பேட், கடும் ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஆகிய மூன்றும் பணக்கணக்கில் கடைசி வரியில் நிற்பவை; உயிர்க்கணக்கில் முதல் வரியில் நிற்பவை. இவற்றை இரண்டு மடங்கு வாங்கி வைத்து, அதில் பாதி காலாவதியானால்கூட ஒரு மருத்துவமனைக்கு ஆகும் நட்டம் மிகச் சிறிது. இவற்றுக்கேனும் காலாவதிக் கேள்வியிலிருந்து எழுத்துப்பூர்வமாக விலக்கு அளித்தால், மருந்தாளுநர்கள் அச்சமின்றிக் கேட்பார்கள்.

பாம்புக்கடி மருந்துக்கு வருகிறேன். இது விலையும் அதிகம், உயிரும் அதில் தொங்குகிறது. பாம்பு பிடிக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் போன்ற இடங்களில் எடுக்கப்படும் நஞ்சைக் குதிரைகளுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அவற்றின் குருதியிலிருந்து பிரித்தெடுப்பது; கேட்டவுடன் காய்ச்சி இறக்குகிற கஷாயம் அன்று. நஞ்சேறிய ஒருவருக்கு முதல் தவணையே எட்டு முதல் பத்துக் குப்பிகள். குழந்தைக்கும் அதே அளவுதான், ஏனெனில் பாம்பு குழந்தை என்று பார்த்து நஞ்சைக் குறைப்பதில்லை. இப்போது சராசரிக் கணக்கைப் பாருங்கள். ஒரு வட்ட மருத்துவமனைக்கு ஆண்டுக்கு இருநூற்று நாற்பது குப்பி தேவை என்றால் மாதம் இருபது என்று பட்டியல் போகும். இருபது குப்பி என்பது இரண்டு பேர். வெயில் காலத்தில் அந்த இரண்டு பேர்கூட வர மாட்டார்கள். குறுவை நடவில் வரப்பு நனைந்து எலியும் பாம்பும் வளையை விட்டு வெளியேறும்போதும், சம்பா அறுவடையில் தாளுக்குள் கைவிடும்போதும் ஒரே வாரத்தில் நான்கு பேர் வந்து நிற்பார்கள்.

அதிலும், நம் பகுதியின் பருவம் நாள்காட்டியில் அச்சிடப்பட்டது அன்று, மேட்டூரிலிருந்து வருவது. ஜூன் 12 என்பது மரபு. 2022-இல் மே 24-ஆம் நாளே அணை திறக்கப்பட்டது. 2024-இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். நடவு இரண்டு மாதம் முன்பின்னாக நகரும்போது, சென்ற ஆண்டு ஜூன் மாதச் செலவைப் பார்த்து இந்த ஆண்டு ஜூனுக்கு மருந்து கேட்பதில் என்ன பொருள் இருக்கிறது? வேளாண் துறை விதைக்கும் உரத்துக்கும் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துத் திட்டமிடுகிறது. மருந்துப் பட்டியலும் அதைப் பார்த்தே எழுதப்பட வேண்டும் என்பது விந்தையான கோரிக்கை ஆகாது என்று நம்புகிறேன். தண்ணீர் திறப்பு அறிவிக்கப்பட்ட அன்றே பாம்புக்கடி மருந்தும் அட்ரோபினும் வட்ட மருத்துவமனைகளுக்கு வழக்கத்தைப் போல் மும்மடங்காக நகர வேண்டும். கோடையில் தேவையற்ற மிகுதி மாவட்டக் கிடங்குக்கே திரும்பிவிட வேண்டும். பணம் கூடுதலாக வேண்டியதில்லை.

பொருளை வாங்கி வைப்பதுடன் வேலை முடிவதில்லை என்பதைக் கஜா புயல் எங்களுக்குக் காட்டியது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் அது கரை கடந்தபின், வேதாரண்யம் பக்கத்துச் சிற்றூர்கள் பலவற்றில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. நான் அப்போது இருந்த மருத்துவமனையில் ஜெனரேட்டர் இருந்தது. ஆனால் அதன் இணைப்பு அறுவை அரங்குக்கும் விளக்குகளுக்கும் மட்டுமே போனது, மருந்தகக் குளிர்ப்பெட்டிக்குப் போகவில்லை. இன்சுலினும், பிரசவத்துக்கான ஆக்சிடோசினும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. தெர்மோகோல் பெட்டியில் பனிக்கட்டி நிரப்பி, குப்பிகள் பனிக்கட்டியைத் தொட்டுவிடாமல் நடுவில் துணியை மடித்து வைத்து ஒப்பேற்றினோம். உறைந்துபோன இன்சுலினும் கெட்டுப்போனதுதான் என்பது பலருக்குத் தெரியாது. பாம்புக்கடி மருந்து தூளாக உறையவைத்து உலர்த்திய வகையிலும், நீர்ம வகையிலும் வருகிறது. நீர்ம வகைக்குக் குளிர்ப்பெட்டி கட்டாயம். தூள் வகை அறை வெப்பத்தை ஓரளவு தாங்கும். கடலோர மருத்துவமனைகளுக்குத் தூள் வகையையே அனுப்புவது என்று ஒரு விதி செய்துகொண்டால் அடுத்த புயலில் ஒரு கவலை குறையும். குளிர்ப்பெட்டிக்கு ஜெனரேட்டர் இணைப்பு தருவதோ ஓர் எலக்ட்ரீஷியனின் அரைநாள் வேலை.

காலாவதி பற்றியும் ஒரு சொல். புதிதாக வந்த பெட்டியை முன்னால் வைத்து அதிலிருந்தே எடுப்பது இடம் குறுகிய கிடங்குகளில் எளிதில் நேரும் தவறு. முன்னதாகக் காலாவதியாவதே முன்னதாக வெளியேற வேண்டும் என்பது பாலபாடம். அதற்கும் மேலாக, ஆறு மாதத்துக்குள் காலாவதியாகும் மருந்துகளின் பட்டியலை ஒவ்வொரு மருத்துவமனையும் மாதந்தோறும் பக்கத்து மருத்துவமனைகளுக்கு அனுப்பிவிட்டால் பெரும்பகுதி பயன்பட்டுவிடும். ஒரு வட்டத்தில் மிஞ்சியது அடுத்த வட்டத்தில் இல்லாமல் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மிஞ்சியதை வெளியே சொன்னால் கணக்கு கேட்பார்களே என்ற கூச்சம்தான் இடையில் நிற்கிறது. காலாவதியான பிறகு அவை 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள் பைக்குள் போக வேண்டியவை; கொல்லைப்புறக் குழிக்கு அல்ல.

மாவட்ட ஆட்சியர்கள் நடத்தும் சுகாதார ஆய்வுக் கூட்டங்களில் ஒவ்வொரு மருத்துவமனையிடமும் "இன்றியமையாத மருந்துகள் சென்ற மாதம் எத்தனை நாள் இருப்பில் இல்லை?" என்று ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும், அதற்குப் பதில் சொல்லும்படி பதிவேட்டில் ஒரு கட்டம் அச்சிடப்பட வேண்டும். மருந்து இல்லை என்று நேர்மையாக எழுதுகிறவருக்கு அதற்காக மெமோ கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அந்தக் கட்டத்தில் சுழியம் மட்டுமே நிரம்பும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். மேட்டூர் அணையின் நீர்மட்டமும் நீர்வரத்தும் நாள்தோறும் தங்கள் இதழில் வெளிவருகின்றன. எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளில் முதலில் படிக்கப்படுவது அந்தச் சிறு கட்டம்தான். குறுவை நடவின்போதும் சம்பா அறுவடையின்போதும் மட்டுமாவது, டெல்டாவின் ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் அன்று காலை எத்தனைக் குப்பி பாம்புக்கடி மருந்து இருக்கிறது என்பதை அதன் கீழேயே வெளியிட்டால், எந்த மருத்துவமனைக்கு ஆட்டோவைத் திருப்ப வேண்டும் என்பதாவது எங்களுக்குத் தெரியும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
திருத்துறைப்பூண்டி.