கேரவனும் பின்பாரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஆஸ்திரேலியப் பாலைவனப் பயணக் கட்டுரையை அடிலெய்டில் உட்கார்ந்து படித்தேன். செம்மண்ணும் நட்சத்திர வானமும் நன்றாகவே வந்திருந்தன. ஆனால் ஓடும் கேரவனுக்குள் குழந்தைகள் சீட்டு விளையாடிக்கொண்டே வந்ததாக எழுதியிருந்த இடத்தில் திடுக்கிட்டுப் போனேன். இங்கே அது சட்டப்படி குற்றம். நம் ஊரில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் இளைப்பாறும் வண்டி. இங்கே அது இன்ஜின் இல்லாத, காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகிற வீடு. ஓடும்போது அதற்குள் ஒருவரும் இருக்கக் கூடாது. கட்டுரையாளர் எடுத்தது ஸ்டீயரிங்கும் வீடும் ஒன்றாக இருக்கும் மோட்டார்ஹோம் என்றால், இரண்டையும் குழப்பிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை, எடையைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது. சாதாரண கார் லைசென்ஸ் இருந்தால் போதும், இரண்டரை டன் கேரவனை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். தனித் தேர்வு கிடையாது. நானும் அப்படிக் கிளம்பியவன்தான்.

எங்கள் கேரவனின் வெறும் எடை 2,050 கிலோ. அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2,500. இடையில் 450 கிலோ இருக்கிறதே, தாராளம் என்று நினைத்தோம். 95 லிட்டர் தண்ணீர்த் தொட்டிகள் இரண்டை நிரப்பியதுமே 190 கிலோ போய்விட்டது. இரண்டு சிலிண்டரில் கேஸ் 18 கிலோ. மிச்சமிருந்த 240 சொச்சத்தில் பாய் படுக்கை, பாத்திரம், கருவிப்பெட்டி, 20 கிலோ பொன்னி அரிசி மூட்டை இரண்டு, அப்புறம் டேபிள்டாப் கிரைண்டர். (சிரிக்க வேண்டாம். மூன்று வாரம் இட்லி இல்லாமல் இருக்க முடியாது என்றது நான்தான், என் மனைவி அல்ல.) கனமானதையெல்லாம் இறக்கி ஏற்ற வசதி என்று கடைசிப் பெட்டியில் அடைத்தோம். அதற்கும் பின்னால், பம்பரில், இரண்டு ஸ்பேர் சக்கரங்கள்.

போர்ட் அகஸ்டாவிலிருந்து டார்வின் வரை 2,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில், பிம்பா தாண்டி, எதிரே ஒரு ரோடு ட்ரெயின் வந்தது. ஒரே லாரி, பின்னால் மூன்று டிரெய்லர்கள். இந்த ரகம் 53.5 மீட்டர் நீளம் வரை வரும். அது கடந்த வேகத்தில் வந்த காற்று எங்கள் கேரவனை ஒரு தள்ளு தள்ளியது. கண்ணாடியில் பார்த்தேன், கேரவனின் பின்பக்கம் இடது ஓரம் தெரிந்தது, அடுத்த நொடி வலது ஓரம். நாய் வாலாட்டுவதுபோலத் தொடங்கி, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காரின் பின்பாகத்தையே இழுக்க ஆரம்பித்தது. கால் தானாக பிரேக்குக்குப் போனது. அதைத்தான் செய்யக் கூடாது. காரின் வேகம் குறையக் குறைய, பின்னால் வரும் கனம் அதை முட்டித் தள்ளி மடக்கிவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, கேரவனின் பிரேக்கை மட்டும் கையால் அழுத்த வேண்டும். அதற்கென்று டேஷ்போர்டில் ஒரு சின்னக் குமிழ் உண்டு. அது எங்கே இருக்கிறது என்று எனக்கு முன்பே காட்டிக்கொடுத்த கடைக்காரர் நன்றாக இருக்கட்டும்.

ஓரம்கட்டி நின்றபோது, லாரிக்காரர்கள் பேசிக்கொள்ளும் 40ஆம் சேனலில் ரேடியோ கரகரத்தது. "பின்னாடி கனம் அதிகம், மேட். முன்னாடி நகர்த்து" என்றார் கடந்துபோன அந்த டிரைவர்.

இதைத் தெரிந்துகொள்ள ஆஸ்திரேலியா வரை வந்திருக்க வேண்டியதில்லை. அப்பா மாட்டு வண்டியில் நெல் மூட்டை ஏற்றும்போது வண்டிக்குப் பின்னால் போய் நின்று பார்த்து, "பின்பாரம்டா, ரெண்டு மூட்டையை முன்னால தள்ளு" என்பார். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். கேரவனிலும் இதே கணக்குதான். மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்க வேண்டும். எங்களுக்கு 250 கிலோ. ஊர் திரும்பியதும், ஒரு பிடிவாதத்தில், எல்லாவற்றையும் பழையபடியே ஏற்றி எடைமேடைக்கு மெதுவாக உருட்டிக்கொண்டு போனேன். மொத்தம் 2,590. கொக்கியில் வெறும் 110.

அன்று சாலையோரத்திலேயே அரிசியைச் சக்கரங்களுக்கு நேர் மேலே தரையில் அடுக்கி, ஸ்பேர் சக்கரங்களையும் கிரைண்டரையும் காருக்குள் மாற்றினோம். அதன்பின் ஆட்டமே இல்லை.

எரிபொருளையும் கட்டுரையாளர் தனிக் காரின் கணக்கில் சொல்லியிருக்கிறார். 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர் குடிக்கும் எங்கள் வண்டி, கேரவனோடு 18 குடித்தது. எதிர்க்காற்றில் இன்னும் கூட. கிளெண்டாம்போ தாண்டினால் கூபர் பீடி வரை 250 கிலோமீட்டர் அளவுக்கு நடுவில் பங்க் கிடையாது.

மாரீ முதல் மார்லா வரை 620 கிலோமீட்டர் போகும் ஊட்னடாட்டா மண் சாலைக்கும் அவர் யோசனை சொல்கிறார். போகலாம்தான், டயர் காற்றைக் குறைத்து, மழை பெய்யாத நாளில். மழை விழுந்தால் சாலையை மூடிவிடுவார்கள். மூடிய சாலையில் ஓட்டினால் அபராதம். மற்ற நாளில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் ஓட்டுகிற அனுபவம். கவர்ட் ஸ்பிரிங்ஸில் நிறுத்திக் கதவைத் திறந்தபோது, ஃபிரிட்ஜ் வாய் பிளந்து கிடந்தது. தரையெல்லாம் இட்லி மாவு, அதன்மேல் மஞ்சள்பொடி தூவியதுபோல் செம்மண் தூசி. அன்றிரவு ரவை உப்புமா.

இங்கே ஜூலையில் குளிர்காலப் பள்ளி விடுமுறை. பாலைவனம் பார்க்கக் குடும்பங்கள் கிளம்புவது அப்போதுதான். உங்கள் இதழை இங்கே பலர் கைமாற்றிப் படிக்கிறோம். குழந்தைகள் கேரவனுக்குள் இருந்ததாக வந்த அந்த வரிக்கு மட்டுமாவது அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகன்,
அடிலெய்டு