எஃப்.ஐ.ஆர். எழுத ஆள் வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போலீசுக்கு ஆள் போதவில்லை, பணம் போதவில்லை, புதிய குற்றவியல் சட்டங்கள் சரியா தவறா என்று நாடாளுமன்றத்தில் நடக்கிற வாதப் பிரதிவாதங்களை உங்கள் நாளிதழில் விடாமல் படிக்கிறவன் நான். ஒரு பக்கம் வெள்ளைக்காரன் சட்டத்தை ஒழித்துவிட்டோம் என்கிறார்கள், மறு பக்கம் போலீஸ் ராஜ்ஜியம் வந்துவிட்டது என்கிறார்கள். இவர்களில் எத்தனை பேர் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு புகாரைக் கையில் பிடித்துக்கொண்டு காவல் நிலையத்து வாசலில் நின்றிருப்பார்கள்? நின்றவன் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போனால் வெட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கலெக்டர் ஆபீசுக்கு மனு, கோர்ட்டுக்கு அஃபிடவிட், போலீசுக்குப் புகார், எல்லாம் என் கை வழியாகப் போகும். தெருச் சண்டை என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவுகள் 294(பி), 323, 506(1) என்று விரல் தானாக அடிக்கும். 2024 ஜூலை 1-ல் புதிய சட்டங்கள் அமலுக்கு வந்ததில் இருந்து அதே சண்டைக்கு 296(பி), 115(2), 351(2). கொலைக்கு 302 போய் 103 வந்தது, மோசடிக்கு 420 போய் 318 வந்தது. (ஊரில் யாரும் யாரையும் 318 என்று இன்னும் திட்டிக் கேட்கவில்லை.) பழைய எண், புதிய எண் இரண்டையும் ஒரு அட்டையில் எழுதி கல்லாவுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருந்தேன், வக்கீல் குமாஸ்தாக்கள் வந்து அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். பெயர் வாயில் நுழையவில்லை என்று பெரிய சண்டை நடந்தது, அதிலும் நியாயம் உண்டு, ஆனால் கடையில் எல்லாருக்கும் குற்றம், தண்டனையைச் சொல்கிற பாரதிய நியாய சன்ஹிதா பி.என்.எஸ்., போலீஸ், கோர்ட் நடைமுறையைச் சொல்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பி.என்.எஸ்.எஸ்., அவ்வளவுதான், பழகிவிட்டது.

இந்தப் புதிய சட்டங்களில் எனக்கு உண்மையிலேயே பிடித்த ஒன்று ஜீரோ எஃப்.ஐ.ஆர். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம், அப்புறம் அவர்கள் உரிய நிலையத்துக்கு அனுப்பிக்கொள்ள வேண்டும். முன்பு இது டெல்லி அனுப்பிய சுற்றறிக்கையாக இருந்தது, இப்போது பி.என்.எஸ்.எஸ். 173-வது பிரிவில் சட்டமாகவே வந்துவிட்டது. கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சென்னையில் இருப்பவர்களுக்குச் சொன்னால் புரியாது. இங்கே எல்லை நேர்க்கோடாக இல்லை. ஒரு ஊர் தமிழ்நாடு, அடுத்த ஊர் புதுச்சேரி, அதற்கும் அடுத்தது மறுபடி தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் பங்கு பிரித்த கோடு அது. பிராந்திக் கடை போர்டைப் பார்த்தோ, போலீஸ்காரர் தலையில் இருக்கிற சிவப்புத் தொப்பியைப் பார்த்தோதான் எந்த அரசாங்கத்தில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வோம்.

சென்ற வருடம் என் அக்கா மகள் புதுச்சேரியில் வேலை முடிந்து ஸ்கூட்டியில் கடலூர் திரும்பும்போது, எல்லையோரத்தில் ஒரு ஊருக்கு வெளியே, பைக்கில் வந்த இரண்டு பேர் கழுத்தில் கிடந்த இரண்டு பவுன் செயினை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். விழுந்ததில் முழங்கை கிழிந்து, கழுத்தில் கோடு கோடாகச் சிவந்து, “மாமா, வாங்க” என்று போன் பண்ணினாள். போனேன். பக்கத்தில் இருந்த நிலையத்துக்குக் கூட்டிப்போனால் முதல் கேள்வியே, “மதகுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?” கீழே விழுந்தவள் மதகையா பார்த்துக்கொண்டிருப்பாள்! அந்தப் பக்கம் என்றால் எங்களுக்கு வராது, அங்கே போங்கள் என்று அனுப்பினார்கள். அங்கே போனால் அதே மதகு, அதே கேள்வி. இரண்டுக்கும் நடுவில் ஒன்பது கிலோமீட்டர், இரண்டு தடவை, ரத்தம் காய்ந்த கையோடு.

இரண்டாவது நிலையத்தில் நான் 173-வது பிரிவைச் சொன்னேன். அங்கே இருந்த ரைட்டர் (நிலையத்தின் எழுத்து வேலையைப் பார்க்கிற போலீஸ்காரர்), ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், கோபப்படவில்லை. “தெரியும் சார், எங்களுக்கும் கிளாஸ் எடுத்தாங்க. உள்ளே எட்டிப் பாருங்க” என்றார். பார்த்தேன். பாராவில் ஒரு பெண் காவலர், ரைட்டர், அவ்வளவுதான். மீதிப் பேர் பந்தோபஸ்து. கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவரும் பந்தோபஸ்து. அன்று மத்தியானம் சாராய பாக்கெட் பிடித்திருக்கிறார்கள். சோதனை, பறிமுதல் எல்லாவற்றையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று 105-வது பிரிவு சொல்கிறதல்லவா, எடுத்தது அவர் சொந்தப் போனில். மெமரி நிறைந்துவிட்டது. “என் பொண்ணு பிறந்தநாள் வீடியோவை அழிச்சுட்டுத்தான் சார் சாராயத்தை எடுத்தேன்” என்று அந்தப் போனைத் திருப்பிக் காட்டினார், திரையில் ஒரு மூலையில் விரிசல். நான் சண்டை போட வந்தவன், என்ன சொல்வது என்று தெரியாமல் அவர் கொடுத்த டீயைக் குடித்தேன்.

புகாரை வாங்கிக்கொண்டது பதினொன்றரை மணிக்கு. எஃப்.ஐ.ஆர். வந்தது மூன்றாம் நாள். செயின் பறிப்புக்கு பி.என்.எஸ்.ஸில் 304 என்று இப்போது தனிப் பிரிவே இருக்கிறது, மூன்று ஆண்டு வரை தண்டனை. ஆனால் மூன்று ஆண்டில் இருந்து ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள வழக்குகளில், டி.எஸ்.பி. அனுமதி வாங்கி, முதலில் 14 நாள் பூர்வாங்க விசாரணை செய்யலாம் என்று பி.என்.எஸ்.எஸ்.ஸின் அதே 173-ல் ஒரு சந்து வைத்திருக்கிறார்கள். பறிப்பும் அந்தக் கணக்கில் விழும் என்று கடைக்கு வருகிற வக்கீல்கள் சொல்கிறார்கள். ஆள் இல்லாத நிலையம் அந்தச் சந்து வழியாகத்தான் போகும், வேறு எதற்கு வைத்தார்கள்? விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார் கொடுத்தவருக்கு 90 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பதும் புதிய சட்டம், போனில் சொன்னாலே போதும். எங்களுக்கு வரவில்லை. நானே போய்க் கேட்டுவிட்டு வந்தேன்.

இப்போது டெல்லிக்கு வருகிறேன். இந்தப் புதிய குற்றவியல் சட்டங்களின் மூன்று மசோதாக்களும் மக்களவையில் நிறைவேறியது 2023 டிசம்பர் 20, மாநிலங்களவையில் மறுநாள். அந்தக் கூட்டத்தொடரில் இரண்டு அவைகளிலும் சேர்த்து எதிர்க்கட்சி எம்.பி.க்கள் 146 பேர் சஸ்பெண்ட். யார் மேல் தப்பு என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. 1860-ல் போட்ட சட்டத்தை மாற்றும்போது, புதிய சட்டத்தால் தினமும் வேலை செய்யப்போகிற ரைட்டருக்கு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கூடுதலாகும் என்று கேட்க வேண்டியவர்கள் பாதிப் பேர் வெளியே நின்றார்கள், உள்ளே இருந்தவர்கள் கேட்கவில்லை. வீடியோ எடுப்பது ஒரு வேலை, அதைத் தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவது இன்னொரு வேலை, ஜீரோ எஃப்.ஐ.ஆர். எழுதுவது, அனுப்புவது, ஆன்லைனில் வந்த புகாருக்கு மூன்று நாளுக்குள் ஆளை வரவழைத்துக் கையெழுத்து வாங்குவது, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள வழக்குக்குத் தடயவியல் ஆளைக் கூப்பிட்டு அவர் வரும்வரை இடத்தைக் காவல் காப்பது... இத்தனையும் அதே இரண்டு பேர் தலையில். தடயவியலுக்கு மட்டும் மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் கொடுத்தார்கள். ரைட்டருக்கு ஒரு நாள்கூட இல்லை, ஜூலை 1 காலையில் இருந்தே அமல்.

ஆள் கணக்கு இன்றைக்குக் கெட்டதல்ல. 2020 ஜனவரி 1 நிலவரப்படி நாடு முழுக்க மாநில போலீசில் அனுமதிக்கப்பட்ட இடங்கள் 26 லட்சத்துக்கு மேல், அதில் 5 லட்சத்துக்கு மேல் காலி. பணக் கணக்கைப் பாருங்கள். 2021-22 முதல் 2025-26 வரை போலீஸ் நவீனமயத்துக்கு 26,275 கோடி என்று அறிவித்தபோது எல்லாரும் கை தட்டினோம். அதில் பெரும் பங்கு காஷ்மீர், வடகிழக்கு, நக்சல் பகுதிகளுக்கு. மாநில போலீஸ் நவீனமயம் என்ற தலைப்பில் இருந்தது 4,846 கோடி. நாட்டில் காவல் நிலையங்கள் 17,000-க்கு மேல். வகுத்துப் பார்த்தேன், ஒரு நிலையத்துக்கு ஆண்டுக்கு ஆறு லட்சம்கூடத் தேறவில்லை. ஒரு ஜீப் வாங்க முடியாது. மாநில அரசும் போடுகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சட்டத்தைப் போட்டவர் கூடவே பெட்ரோல் காசும் கொடுக்க வேண்டாமா?

இந்தப் பணத்தை நாடாளுமன்றம் விவாதிக்கிற அழகையும் சொல்ல வேண்டும். பட்ஜெட் கூட்டத்தொடரில் நாலைந்து அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளை (அந்த வருடச் செலவுக்கு அவை கேட்கிற பணத்தை) பேசுவார்கள், கடைசி நாளில் மீதி எல்லாவற்றையும் விவாதமே இல்லாமல் ஒரே மூச்சில் ஓட்டுக்கு விடுவார்கள். அதற்குப் பெயர் கில்லட்டின், பிரான்சில் தலையை வெட்டிய இயந்திரத்தின் பெயர். பிரெஞ்சு ஆண்ட ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் என்பதால் அந்தச் சொல்லைக் கேட்டதும் எங்களுக்குக் கழுத்து கொஞ்சம் கூசும். புதுச்சேரிக்கு டெல்லி தரும் பணமே உள்துறை அமைச்சகத்தின் கோரிக்கைகளில் ஒன்று, அது வெட்டுப்படும் வருடம் புதுச்சேரியின் பேச்சும் அதோடு போச்சு. 2025 மார்ச்சில் மாநிலங்களவையில் உள்துறையின் செயல்பாடு பற்றி விவாதம் நடந்தது உண்மை. உள்துறை அமைச்சரின் பதிலில் பயங்கரவாதம் வந்தது, நக்சல் வந்தது, வடகிழக்கு வந்தது. எல்லாம் வேண்டியதுதான். மதகுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதும் யாருக்காவது வர வேண்டும்.

மாநில அரசையும் சும்மா விட முடியாது. போலீஸ் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, ஆள் எடுப்பது அவர்கள் வேலை. விசாரணைக்குத் தனி ஆள், சட்டம் ஒழுங்குக்குத் தனி ஆள் என்று பிரிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் பிரகாஷ் சிங் வழக்கில் 2006-லேயே உத்தரவு போட்டது. எங்கள் மாவட்டத்தில் திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள் என்றால் போலீஸ், தேவனாம்பட்டினத்தில் மாசி மகம் என்றால் போலீஸ், வடலூர் தைப்பூசம், மந்திரி வருகை, எல்லாவற்றுக்கும் அதே ஆட்கள். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை ஊருக்குள் வந்தபோது இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்களும் இவர்கள்தான், அதை மறக்கமாட்டோம். ஆனால் திருட்டைக் கண்டுபிடிக்கிறவர் அன்றைக்கும் அவர்தானே? இந்த ஆள் பற்றாக்குறை பழகிப்போய், எஃப்.ஐ.ஆருக்குப் பதிலாக, புகாரை வாங்கிக்கொண்டோம் என்று மட்டும் சொல்கிற சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்புவது தமிழ்நாட்டில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. வாரன்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்று தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டி வாரத்துக்கு இரண்டு மனுவாவது நான் டைப் அடிக்கிறேன், வருமானம்தான், ஆனாலும் சந்தோஷமான வருமானம் இல்லை.

கடலூருக்கு மக்களவையில் ஒருவர் இருக்கிறார். புதுச்சேரிக்கு மக்களவையில் ஒருவர், மாநிலங்களவையில் ஒருவர். மூன்று பேரும் எந்தக் கட்சியாக இருந்தாலும் பரவாயில்லை, இந்த எல்லையோரக் காவல் நிலையங்களில் எத்தனை இடம் காலி, ஜீரோ எஃப்.ஐ.ஆர். எத்தனை பதிவாகி எத்தனை அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது, வீடியோ எடுக்க அரசாங்கப் போன் எத்தனை நிலையத்துக்கு வந்தது என்று எழுத்துப்பூர்வமாகக் கேட்கட்டும். கேள்வியை நானே டைப் அடித்துத் தருகிறேன், பக்கத்துக்கு இருபது ரூபாய், இதற்கு வேண்டாம்.

இப்படிக்கு,
டைப்பிங் கடைக்காரர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.