பழைய ஜியு-ஜிட்சு நூல்களை மறுபதிப்பு செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பதிப்பாளர்களே,

வணக்கம். நூறு வருடங்களுக்கு முன் லண்டனிலும் நியூயார்க்கிலும் வெளிவந்த, ஜியு-ஜிட்சு என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையின் பயிற்சி நூல்கள் காப்புரிமைக் காலம் முடிந்து இன்று உங்கள் கைக்கு வந்திருக்கின்றன. தேடினாலும் கிடைக்காத நூல்களை நீங்கள் மறுபடி அச்சில் கொண்டுவருவது நல்ல காரியம். ஆனால் அட்டையை மட்டும் புதிதாக்கிவிட்டு, நூலின் பின்னணி பற்றி ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் விற்கிறீர்கள். ஜூடோ கற்றுக்கொடுப்பவன் என்ற முறையில் இதுபற்றி உங்களோடு பேச வேண்டியிருக்கிறது.

இர்விங் ஹான்காக்கும் கட்சுகுமா ஹிகாஷியும் சேர்ந்து எழுதி 1905-ல் வந்த 'முழுமையான கானோ ஜியு-ஜிட்சு'வையே எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பைப் பார்க்கிற யாரும் அது, ஜியு-ஜிட்சுவிலிருந்து ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோவின் முறை என்றுதான் நினைப்பார்கள். ஜப்பான் அரசின் அதிகாரபூர்வ முறை என்று முகப்புப் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். ஆனால் 1882-ல் டோக்கியோவில் கானோ தொடங்கிய கோடோகான் என்ற ஜூடோ பள்ளியின் பாடம் அல்ல அது. ஹான்காக் சிறுவர்களுக்குச் சாகச நாவல்கள் எழுதிக் குவித்தவர். ஹிகாஷி நியூயார்க்கில் ஜார்ஜ் பாத்னர் என்ற மல்யுத்த வீரரோடு மோதித் தோற்றவர். அப்போது ரஷ்ய-ஜப்பானியப் போர் நடந்துகொண்டிருந்தது. சின்ன நாடு பெரிய நாட்டை அடிக்கிறதே என்று மேற்கே எல்லோருக்கும் வியப்பு. ஜப்பான் பெயர் போட்ட எதுவும் விற்ற நேரம் அது. கானோவின் பெயரும் அப்படித்தான் அட்டையில் ஏறியது. இத்தனைக்கும் கானோ லிண்ட்சே என்பவரோடு சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை 1889-லேயே ஜப்பான் ஆசியவியல் கழகத்தின் இதழில் அச்சாகிவிட்டது. அதை எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

இது பெயர்க்குழப்பத்தோடு நின்றுவிடும் விஷயம் அல்ல. அந்த நூலில் உயிரைப் பறிக்கும் அடிகள் பற்றி ஒரு பகுதி. நினைவிழந்தவரை எழுப்பும் 'குவாட்சு' பற்றி இன்னொரு பகுதி. என் வகுப்பில் ஒரு பையன் அந்தப் பக்கங்களை அச்செடுத்து வந்து, "மாஸ்டர், இதை எப்போ சொல்லித்தருவீங்க?" என்று கேட்டான். கழுத்து நெரிபட்டு ஒருவன் மயங்கினால் பிடியை உடனே விட வேண்டும், மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும். 1905-ன் புத்தகத்தைப் பார்த்து முதுகில் தட்டிக்கொண்டிருக்கும் நேரமா அது? இதை நூலின் முன்பக்கத்தில் ஒரு பத்தியாக நீங்கள் போட்டிருந்தால் அந்தப் பையன் தானே படித்துத் தெரிந்துகொண்டிருப்பான்.

அதே காலத்தில் அருமையான நூல்களும் வந்தன. லண்டன் கோல்டன் சதுக்கத்தில் பள்ளி நடத்திய சடகாசு உயெனிஷியின் பாடநூல் 1905-ல் வந்தது. எதிராளியைத் தூக்கிப்போடும் ஒரு வீச்சை, சினிமாச் சுருளைப் பிரித்து வைத்ததுபோல், அடுத்தடுத்த படங்களாகக் காட்டியிருப்பார். ஜப்பானிய வீரர்கள் யுகியோ தானியும் டாரோ மியாகேயும் எழுதியது 1906-ல். அதே ஆண்டில்தான் உயெனிஷியின் மாணவி எமிலி டயானா வாட்ஸின் நூலும் வந்தது. எனக்கு மிகப் பிடித்தது அதுதான். ஆங்கிலேயப் பெண் ஒருவர் அந்தக் காலத்தில் தானே மெத்தையில் இறங்கி, எதிராளியைத் தூக்கிப்போட்டுக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்! படம் எடுத்தவர் ஜார்ஜ் பெல்டாம். ஆஸ்திரேலிய மட்டையாளர் விக்டர் டிரம்பர் கிரீஸைவிட்டுப் பாய்ந்து வந்து அடிக்கும் அந்தப் புகழ்பெற்ற கிரிக்கெட் படத்தை எடுத்த அதே பெல்டாம்தான். ஓடும் உடம்பைச் சரியான கணத்தில் பிடிக்கத் தெரிந்தவர்.

அந்தப் படங்களை நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள். நான் வாங்கிய பிரதியில் வீசுபவரும் விழுபவரும் ஒரே கறுப்புத் திட்டாக ஒட்டிக்கிடக்கிறார்கள். சட்டைக்கையை எந்தக் கை இழுக்கிறது, எதிராளியின் குதிகால் தரையைவிட்டு எழும்பிவிட்டதா, எடை எந்தக் காலில் நிற்கிறது என்று எதுவுமே தெரியவில்லை. ஜூடோவில் விஷயமே அதுதான். எதிராளியின் நிலை குலைந்த பிறகுதான் வீச்சு. அந்தக் குலைவு படத்தில் தெரியாவிட்டால், பக்கத்திலிருக்கும் விளக்கத்தைப் படித்து யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

அதனால் கேட்கிறேன். இணையத்தில் கிடைக்கும் மங்கலான நகலை எடுத்து அச்சிடாதீர்கள். பெரிய நூலகங்களிடம் முதல் பதிப்பு இருந்தால் அனுமதி பெற்றுப் படங்களை நல்ல தரத்தில் புதிதாக ஸ்கேன் செய்யுங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் வாங்குவோம். முதல் பதிப்பின் ஆண்டை அட்டையிலேயே போடுங்கள். எழுதியவர் யார், யாரிடம் கற்றார், எந்தப் பள்ளி மரபு என்று நாலு பக்கம் முன்னுரை சேருங்கள். இந்த வரலாற்றை ஊன்றிப் படித்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்; கேட்டால் மனமுவந்து எழுதித் தருவார்கள். ஹான்காக்-ஹிகாஷி நூலுக்கு இது கோடோகான் ஜூடோ அல்ல என்ற குறிப்பு கட்டாயம் வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்ய முடியாது என்றால் வாட்ஸின் நூலில் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஜூடோ பயிற்சியாளர்